எத்தனை நாளைக்கு என்று யாராவது கேட்டார்களா?

சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு நாடுகள் எப்படி வந்து சேருகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருக்கும் அரசியல் அறிவியல் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் துறைக்காரன் இல்லை. ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி மேசையில் உட்கார்ந்து, ஏஜென்சி அனுப்புவதைத் தமிழில் எழுதிக் கொடுத்தே வேலைக்காலத்தை ஓட்டியவன். ஓய்வுபெற்ற பிறகுதான் உங்கள் ஆய்வுகளை நிதானமாக வாசிக்க நேரம் கிடைத்தது. வாசித்ததில் நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு குறையும் தேங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

செய்தி மேசையைப் பொறுத்தவரை ஒரு நாட்டுக்கு ஜனநாயகம் வரும் நாள் என்பது தேர்தல் முடிவு வரும் நாள்தான். நீண்ட வரிசை, மை வைத்த விரல், வென்றவரின் சிரித்த முகம், நான்கு பத்தித் தலைப்பு. மறுநாளே அந்த நாடு உள்பக்கத்துக்குப் போய்விடும். பத்திரிகைக்கு அது சரி, அதற்கு நாளைக்கு வேறு செய்தி வேண்டும். உங்களுக்கு அப்படி எந்த அவசரமும் இல்லையே! பிறகு ஏன் உங்கள் அட்டவணைகளிலும் மாற்றம் நடந்த ஆண்டு என்ற கட்டத்தில் தேர்தல் நடந்த ஆண்டே உட்கார்ந்திருக்கிறது?

உங்கள் துறை கடந்து வந்த பாதை எனக்குத் தெரியாமல் இல்லை. 1959-இல் லிப்செட், வளமும் கல்வியும் உள்ள நாடுகளில்தான் ஜனநாயகம் நிலைக்கிறது என்றார். 1970-இல் ரஸ்டோ, நிலைப்பது வேறு, பிறப்பது வேறு என்று கேள்வியையே திருப்பிப்போட்டார். 1986-இல் ஓ'டானலும் ஷ்மிட்டரும் ஆட்சிக்குள் இருக்கும் கடும்போக்காளர், மிதவாதி, எதிரணி ஆகியோருக்கு இடையிலான பேரத்தை மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹண்டிங்டன் 1974-இன் போர்ச்சுகலில் தொடங்கி ஜனநாயக மாற்றத்தின் மூன்றாம் அலை என்றார். பிரிஸ்வோர்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும், தனிநபர் வருமானம் 6,055 டாலரைத் தாண்டிய எந்த நாட்டிலும் ஜனநாயகம் கவிழ்ந்ததில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அது 1975-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் வருமானம். அந்தக் கடைசி 55 டாலரை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2002-இல் காரதர்ஸ், பாதி வழியில் நிற்கும் நாடுகளையெல்லாம் வந்துகொண்டிருக்கும் நாடுகள் என்று சொல்லித் திரிவதை நிறுத்துங்கள் என்று எழுதினார்.

இவ்வளவு பேசியும், பழைய ஆட்சியாளர்கள் போகும்போது எதைக் கையோடு கொண்டுபோனார்கள், எத்தனை நாளைக்கு என்ற கணக்கு உங்கள் எழுத்தில் ஓரமாகத்தான் கிடக்கிறது. விட்டுக்கொடுத்தார்கள், உடன்பாடு ஏற்பட்டது, ராணுவத்துக்குச் சில ஒதுக்கீடுகள் இருந்தன என்று ஒரு பத்தியில் கடந்துவிடுகிறீர்கள். என் கணக்கில் அந்தப் பத்திதான் முழுக் கதையும்.

சிலியை எடுத்துக்கொள்வோம். 1988 அக்டோபர் 5 பொதுவாக்கெடுப்பு உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ராணுவ ஆட்சியாளர் பினோசேவுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி. எதிரணிக்குத் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் 15 நிமிடம் கொடுத்தார்கள். 15 ஆண்டு ஆட்சியின் பயத்தை அந்த நிமிடங்களில் அவர்கள் கரைத்தார்கள். வாக்கு எண்ணிய இரவில் அரசு முடிவை இழுத்தடித்தது. எதிரணியோ ஊர் ஊராகத் தன் ஆட்களை வைத்துத் தனிக் கணக்கு எடுத்து வைத்திருந்தது. நள்ளிரவு தாண்டி, ஆட்சிக்குழு உறுப்பினரான விமானப்படைத் தளபதி மத்தேய், மாளிகைக்குள் நுழையும் வழியில் நிருபர்களிடம் 'வேண்டாம்' தரப்பு ஜெயித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். 56க்கு 44. இது எந்த நாளிதழுக்கும் தங்கமான செய்தி, எந்த ஆய்வேட்டுக்கும் தங்கமான அத்தியாயம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1990 மார்ச்சில் எதிரணியின் அய்ல்வின் அதிபரானார். பினோசே ராணுவத் தலைமைத் தளபதியாகவே தொடர்ந்தார், 1998 வரைக்கும். அவரை நீக்க அதிபருக்கு அதிகாரம் இல்லை. எந்தப் படைத் தளபதியையும் நீக்க அதிகாரம் இல்லை. பினோசே ஆட்சியின் 1980 சாசனம் அப்படி எழுதப்பட்டிருந்தது. 1989 தேர்தலில் மேலவையின் 38 இடங்களில் 22-ஐ எதிரணிக் கூட்டணி வென்றது. ஆனால் அதே சாசனம் 9 நியமன உறுப்பினர்களுக்கு இடம் வைத்திருந்தது. அவர்கள் வந்து உட்கார்ந்ததும் பெரும்பான்மை கைமாறிவிட்டது. தொகுதிக்கு இரண்டு இடம் என்ற தேர்தல் முறை வேறு. ஓர் அணி இரண்டு இடத்தையும் பிடிக்க வேண்டுமானால் அடுத்த அணியைப்போல் இரு மடங்கு வாக்கு வாங்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்துக்கொண்டு பாதி இடத்தைப் பிடிக்கப் பழைய ஆட்சியின் ஆதரவாளர்களுக்கு வழி. அரசுத் தாமிர நிறுவனத்தின் ஏற்றுமதி வருவாயில் 10 சதவீதம் நேராக ராணுவத்துக்குப் போகும் என்று ஒரு சட்டம். சிலி மக்கள் இவற்றையெல்லாம் கட்டிப்போடும் சட்டங்கள் என்று அழைத்தார்கள். பொருத்தமான பெயர்.

1993 மே 28 காலை. அதிபர் ஐரோப்பியப் பயணத்தில் இருக்கிறார். பினோசேயின் மகனுக்கு ராணுவம் கொடுத்த காசோலைகள் பற்றிய வழக்கு மறுபடி திறக்கப்படுகிறது என்று பத்திரிகையில் செய்தி. அன்று சாந்தியாகோவில், அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள படைத் தலைமையகக் கட்டடத்தைச் சுற்றிப் போர் உடையில், கறுப்புத் தொப்பியோடு, முகத்தில் வண்ணம் பூசிய கமாண்டோக்கள் வந்து நின்றார்கள். ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை. சுட வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் குறியீடுகளில் அந்த ஆண்டு சிலி ஜனநாயக நாடு. தளபதியின் மகன் வாங்கிய காசோலையை விசாரிக்க முடியாத ஜனநாயகம்!

இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அவிழ எத்தனை காலம் ஆனது? நியமன மேலவை உறுப்பினர்கள் போனதும், தளபதிகளை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு வந்ததும் 2005-இல். தேர்தல் முறை மாறியது 2015-இல். தாமிரச் சட்டம் நீங்கியது 2019-இல். அதே 2019 அக்டோபரில் மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியதற்குத் தெருவில் இறங்கியவர்கள், இது 30 பெசோவுக்காக இல்லை, 30 வருஷத்துக்காக என்று எழுதிப் பிடித்தார்கள். 2020-இல் புதிய சாசனம் வேண்டும் என்று 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2022-இல் ஒரு வரைவையும் 2023-இல் இன்னொரு வரைவையும் அதே மக்கள் நிராகரித்தார்கள். ஆக, பலமுறை திருத்தி ஒட்டுப்போட்ட நிலையில் 1980 சாசனம்தான் இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. மாற்றம் முடிந்த ஆண்டு 1990 என்று எழுதிவிட்டுப் போனவர் இதையெல்லாம் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பார்?

சிலி நல்ல முடிவுக்கு வந்த கதை. பர்மா அப்படியில்லை.

(மியான்மர் என்று எழுதுவதே முறை என்பது தெரியும். வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் இன்றுவரை அது பர்மாதான். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடையும் வீடும் விட்டுக் கப்பலேறி வந்த குடும்பங்கள் எங்கள் வாசகர்களில் உண்டு. அந்த நாட்டுச் செய்தி ஒரு நாள் விட்டுப்போனாலும் கடிதம் வரும்.)

2008 மே மாதத் தொடக்கத்தில் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தையே துடைத்துப்போட்டது. பிணங்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தபோது, மே 10 அன்று, ராணுவம் தான் எழுதிய சாசனத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது. புயல் அடித்த பகுதிகளுக்கு மட்டும் இரண்டு வார அவகாசம் கொடுத்தது. 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தது. இரு அவைகளிலும் கால்வாசி இடம் சீருடைக்கு. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சர்களைத் தலைமைத் தளபதிதான் தருவார். வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட பிள்ளைகள் உள்ளவர் அதிபராக முடியாது. யாரை நினைத்து எழுதியது என்று சொல்ல வேண்டியதில்லை. சாசனத்தின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வாக்கு வேண்டும். கால்வாசி சீருடையிடம் இருக்க, மீதி அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்து கை தூக்கினாலும் ஒரு வாக்கு குறையும். அந்த ஒரு வாக்கு ராணுவத்திடமிருந்துதான் வர வேண்டும்.

2015 தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி அடித்துத் தள்ளியது. உலகமே கொண்டாடியது. நாங்களும் நான்கு பத்தியில் கொண்டாடினோம். அதிபராக முடியாத சூகிக்கு அரச ஆலோசகர் என்று ஒரு பதவி உருவானது. சாசனத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது, தடையும் கிடையாது. அந்த இடுக்கைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுபவர் கோ நீ என்ற வழக்கறிஞர். 2017 ஜனவரி 29 அன்று ரங்கூன் விமான நிலையத்துக்கு வெளியே, பேரப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தவரைப் பின்னாலிருந்து தலையில் சுட்டுக் கொன்றார்கள். கொலையாளியைத் துரத்திப் பிடிக்கப் போன டாக்சி ஓட்டுநர் ஒருவரும் சுடப்பட்டு இறந்தார். பர்மாவின் மாற்றத்தைப் பற்றிய கட்டுரைகளில் முதலீடு, தடை நீக்கம், சீர்திருத்தம் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. சாசனத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துச் சந்து தேடிய மனிதருக்கு எத்தனை பக்கம் கொடுத்தீர்கள்?

2020 மார்ச்சில் ஆளுங்கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ராணுவத்தின் பங்கை அடுத்தடுத்த தேர்தல்களுக்குப் பிறகு 15, 10, 5 என்று படிப்படியாகக் குறைப்பது. நியாயமான, பணிவான கோரிக்கை. சீருடை இருக்கைகள் அதைத் தோற்கடித்தன. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் அதே கட்சி போட்டியிருந்த 476 இடங்களில் 396-ஐ வென்றது. 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய காலையில், அதிபரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ராணுவம் நியமித்த துணை அதிபர் தற்காலிக அதிபரானார். அவரே 417-ஆம் பிரிவின்படி நெருக்கடி நிலை அறிவித்து, அதிகாரத்தைத் தலைமைத் தளபதியிடம் ஒப்படைத்தார். அதிபரைப் பிடித்தது அடாவடி. மற்றதெல்லாம் 2008-இலேயே எழுதி வைத்திருந்த வழி.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ராணுவத்துக்கு இடம் ஒதுக்கியதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பழைய ஆட்சிக்காரர்களோடு பேரம் இல்லாமல் ஸ்பெயினில் 1976-இல், மறைந்த சர்வாதிகாரி பிராங்கோவின் சட்டமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும் சட்டத்துக்கு 425க்கு 59 என்று வாக்களித்திருக்காது. துப்பாக்கி வைத்திருப்பவரிடம் பேசும்போது எதையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்ததற்குத் தவணை உண்டா என்பதுதான் என் கவலை.

இந்தோனேசியாவைப் பாருங்கள். பர்மாவின் ஜெனரல்கள் முன்மாதிரியாகப் பார்த்தது ராணுவ ஆட்சியாளர் சுகார்த்தோவின் இந்தோனேசியாவைத்தான். அங்கே 1998 மே 21 அன்று சுகார்த்தோ விலகினார். நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கு 75 நியமன இடங்கள் இருந்தன. 1999-இல் அது 38 ஆனது. சாசனத்தைத் திருத்தும் மக்கள் ஆலோசனை அவையில் 2009 வரை இருந்துகொள்ளலாம் என்று 2000-இல் தேதி குறித்தார்கள். 2002-இல் அந்தத் தேதியையே முன்னால் இழுத்து 2004 ஆக்கிவிட்டார்கள். 2004 தேர்தலுக்குப் பிறகு சீருடை இருக்கை ஒன்றுகூட இல்லை. ஆர்ப்பாட்டமில்லாமல் நடந்தது. எந்தச் செய்தி மேசைக்கும் அது தலைப்பு ஆகவில்லை. 2025-இல் அங்கே அதிகாரிகளுக்குச் சிவில் பதவிகளைக் கூடுதலாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. போன விருந்தாளி திரும்பியும் வருவார். ஆனாலும் ஒரு தேதி எழுதப்பட்டிருந்ததும், அதை முன்னால் இழுக்க முடிந்ததும் சாதாரணமா?

போர்ச்சுகலும் அப்படித்தான். புரட்சி செய்த ராணுவ அதிகாரிகள் புரட்சிக் கவுன்சில் என்று ஒன்றை 1976 சாசனத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம்கூட அதற்கு இருந்தது. ஆனால் முதல் நாடாளுமன்றக் காலம் முடிந்ததும் சாசனத்தைத் திருத்தலாம் என்றும் எழுதியிருந்தது. 1982-இல் கவுன்சிலைக் கலைத்தார்கள்.

ஆக, தேதி வாங்கிய நாடுகள் உண்டு, வாங்காத நாடுகள் உண்டு. ஏன்? ராணுவம் பலவீனமாக இருந்ததாலா? அதற்குள் பிளவு இருந்ததாலா? எதிரணிக்குச் சட்டம் தெரிந்த ஆட்கள் இருந்ததாலா? பர்மாவின் ஜெனரல்கள் யாரோடும் உட்கார்ந்து பேசவே இல்லை, எழுதிக் கொடுத்தார்கள் அவ்வளவுதான், அங்கே தேதி கேட்க ஆள் ஏது என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் 2012 இடைத்தேர்தலில் சூகியின் கட்சி அந்தச் சாசனத்துக்குள் காலடி வைத்த நேரத்தில் அவர்களுக்கும் பேரம் பேசும் பலம் இருந்தது. உலகத்தின் அங்கீகாரம் அவர்கள் வழியாகத்தான் ஜெனரல்களுக்குக் கிடைத்தது. அதற்கு விலையாக என்ன கேட்டார்கள், என்ன கேட்கவில்லை என்பதை விரிவாக ஆராய்ந்தால் எவ்வளவு பயன்! எட்டு ஆண்டு கழித்து 15, 10, 5 என்று கேட்டபோது கையில் எதுவும் மிச்சமில்லை.

சாசனத்தில் எழுதாத ஒதுக்கீடுகளும் உண்டு. தென்கொரியாவில் 1987 சாசனம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ராணுவத்துக்குள் ஹனாஹோ என்று ஓர் இரகசியச் சங்கம். பிறகு ராணுவ ஆட்சியாளரான சுன் டூ-ஹுவான் தன் ராணுவக் கல்லூரித் தோழர்களோடு வளர்த்தது. முக்கியப் பதவிகளெல்லாம் அந்தச் சங்கத்துக்காரர்களுக்கே. கிம் யங்-சாம் 1993 பிப்ரவரியில் அதிபரானபோது, பழைய ஆட்சிக்காரர்களோடு கட்சியை இணைத்து வந்த மனிதர் என்று அவர்மீது அவநம்பிக்கை இருந்தது. பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தரைப்படைத் தலைவரையும் ராணுவ உளவுத்துறைத் தலைவரையும் தூக்கினார். தொடர்ந்து சங்கத்துக்காரர்களைக் களையெடுத்தார். 2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, எம்பிக்கள் சுவரேறிக் குதித்து அவைக்குள் போய் 190க்கு 0 என்று அதை ரத்து செய்தார்கள். வந்த வீரர்கள் தயங்கி நின்றார்கள். அந்த இரவின் கதையைச் சுவரேறியவர்களிடமிருந்து தொடங்குகிறீர்கள். நான் 1993-இலிருந்து தொடங்குவேன்.

துனிசியா வேறு வகை. அங்கே பழைய ஆட்சி எதையும் பூட்டி வைக்கவில்லை. 2014 சாசனம், 2015-இல் சமரசம் செய்துவைத்த நான்கு அமைப்புகளின் அணிக்கு நோபல் பரிசு, அளவுகோல் நிறுவனம் ஒன்று "சுதந்திர நாடு" என்று கொடுத்த மதிப்பீடு, எல்லாம் இருந்தன. தேர்தல் முடிந்து ஓராண்டுக்குள் அரசியல் சாசன நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று சாசனம் சொன்னது. 12 நீதிபதிகள். அதில் நான்கு பேரை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்சிகள் இழுபறியாகவே இருந்து, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தன. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சயீத், அவசர அதிகாரம் தரும் 80-ஆம் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். அந்தப் பிரிவு அப்படிச் செய்ய இடம் தருகிறதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிமன்றம் பிறக்கவே இல்லை. அந்த ஏழு ஆண்டுகளில் துனிசியாவைப் பற்றி உங்கள் துறை எழுதியதில் இஸ்லாமியரும் மதச்சார்பற்றவரும் எப்படி இணங்கினார்கள் என்பதற்குக் கிடைத்த கவனத்தில் கொஞ்சம் இந்தக் காலி நாற்காலிகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 1974-க்குப் பிறகு மாறிய ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பதிவேடு போடுங்கள். பழைய ஆட்சி எந்தப் பிரிவில், எந்தச் சட்டத்தில், எந்த வரவுசெலவுத் தலைப்பில் எதை வைத்துக்கொண்டது, அதற்கு முடிவுத் தேதி இருந்ததா, நீக்க எத்தனை வாக்கு வேண்டும், கடைசியில் நீக்கியது யார், எந்த ஆண்டில், என்ன விலை கொடுத்து என்று. சாசனத்துக்கு வெளியே இருக்கும் சங்கங்களையும், நிறைவேறாமல் கிடக்கும் பிரிவுகளையும் அதில் சேருங்கள். ஒரு நாட்டுக்கு ஓர் எண் கொடுத்து வரிசைப்படுத்தும் வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் இதற்கு ஆள் கிடைக்கும். ஆய்வு மாணவர்களே, தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், சிலியின் தாமிரச் சட்டம் ஒன்றே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். தமிழில் எழுதினால் முதல் வாசகன் நான்.

இது பழங்கதைக்கான பதிவேடும் இல்லை. 2021 மார்ச் 31 அன்று, பர்மாவில் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்க விடாமல் தடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழு, 2008 சாசனம் செல்லாது என்று அறிவித்து, கூட்டாட்சி ஜனநாயகப் பட்டயம் ஒன்றை வெளியிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ யாரோ சிலர் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசத்தான் போகிறார்கள். கால்வாசி வேண்டாம், ஆறில் ஒன்று கொடுங்கள் என்று சீருடைக்காரர் கேட்கும்போது, எதிரே இருப்பவர் எத்தனை தேர்தலுக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட நாடுகள் எவை, கேட்டு வாங்கியது எப்படி என்ற விவரம் அவர் கையில் இருக்க வேண்டும். அதைத் தயார் செய்து வைப்பது உங்களால் முடிகிற வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செய்தி மேசைக்காரன் ஒருவன்
சென்னை